பம்ப் ஹவுஸில் பட்டர்கப்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமும். விடியற்காலையில் எங்கள் தெருவின் குழாய்கள் ஒவ்வொன்றாக இருமி, காற்றைத் துப்பி, ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொட்டத் தொடங்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களை எழுப்புவது அதுதான். அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு இன்றும் கை பரபரக்கிறது. கூடவே காது இன்னொரு சத்தத்துக்காகக் காத்திருக்கிறது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் ரப்பர் ஹோஸ் சிமெண்டுத் தரைமேல் இழுபடும் சரசரப்பு அது. இப்போது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஹோஸ் என் வீட்டில் இருக்கிறது.

என் வேலை தண்ணீர். ஏதோ எழுதுகிறவன் என்று நாலு பேருக்குத் தெரியும். சம்பளம் வாங்குவது பம்ப் ஆபரேட்டராக. எங்கள் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. நிற்கிறது என்பதுகூடத் தப்பு, மேலே வர முட்டிக்கொண்டிருக்கிறது. இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். விட்டால் கீழேயிருந்து பொத்துக்கொண்டு வந்துவிடும். அதற்காகச் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள், கிணற்றுக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு மோட்டார், ஷிப்டுக்கு ஒரு ஆள். இறைக்கிற தண்ணீரில் ஒரு பங்கு வீட்டுக் குழாய்க்கு வருகிறது. கத்திரி வெயிலிலும் எங்கள் தெருவில் தண்ணீருக்காகச் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. குழாயை மூட மறந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள் உண்டு.

பக்கத்து வீட்டு அக்கா காங்கேயம் பக்கத்துக்காரர். அங்கே பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார்களாம். குடத்தின் அடியில் நிற்கிற தண்ணீரில் முகம் கழுவி, கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிப் பழகியவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து முதல் நாள் குழாயைத் திறந்தவர், வெகுநேரம் மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றதாகச் சொல்வார். அதிலிருந்து அந்த ஹோஸ் அவர் கையை விட்டு இறங்கவில்லை. தன் தோட்டத்துக்கு ஊற்றுவார், தெருவோரத்துப் புங்க மரத்துக்கு ஊற்றுவார், இடுப்பு உயர வேலிக்கு மேலாக வளைத்து என் தோட்டத்துக்கும் ஊற்றுவார். யாராவது அழுதால் தலையைத் தடவுகிறவர்கள் இருப்பார்கள் அல்லவா, அவருக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் அது. அவர் குச்சியை நட்டாலும் துளிர்க்கும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ரிடையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்கள், லாரி கிளம்புமுன் தங்கள் தோட்டத்திலிருந்து ஒரு செடியைத் தோண்டி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தச் செடிக்கு அன்றிலிருந்து அவர்களுடைய ஊர்தான் பெயர். என் வீட்டின் பின்னால் நிற்பது தூத்துக்குடி முருங்கை. கிணற்றடிக்குப் பதிலாகக் குழாயடியில் இருப்பது நாகர்கோவில் கறிவேப்பிலை. ஜன்னலைத் தொடுவது திண்டுக்கல் மல்லி. ஆட்கள் போன பிறகும் "திண்டுக்கல் இன்னைக்கு நல்லாப் பூத்திருக்கு" என்போம். போகிறவர்கள் கொடுப்பார்கள், இருக்கிறவர்கள் வாங்கிக்கொள்வோம். நான் இந்த மண்ணிலேயே பிறந்தவன், எங்கேயும் போகிறவனில்லை. ஆகவே வாங்கிக்கொண்டே இருந்தேன். என் தோட்டம் முழுக்கப் போனவர்கள். என் கையால் யாருக்கும் ஒரு இலைகூடப் போகவில்லை.

அதில் இன்னொன்றும் இருந்தது. எங்கள் குடும்பம் சேத்தியாத்தோப்புப் பக்கம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டவர்கள். நாற்று நட்டார்கள், கரும்பு நட்டார்கள். தன் வீட்டு வாசலில் அழகுக்கென்று ஒன்றை நட அவர்களுக்கு வாசல் இருந்ததில்லை. நான் முதன்முதலாகத் தோட்டத்தில் குரோட்டன்ஸ் வைத்தபோது அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இது காய்க்குமா, கீரைக்காவது ஆகுமா என்று கேட்டார். ஆகாது என்றதும், "அப்ப இன்னாத்துக்கு நிக்குது" என்றார்.

புரட்டாசியில் ஒருநாள் அக்கா வேலியோரம் வந்து செய்தி சொன்னார். அவர் வீட்டுக்காரருக்கு ஜனவரிக் கடைசியில் ரிடையர்மெண்ட். பென்ஷன் வேலைகளுக்கெல்லாம் காத்திராமல் அந்த வாரமே பெங்களூரில் மகனிடம் போகிறார்கள். ஒன்பதாவது மாடி, ஒரு பால்கனி, இரண்டு தொட்டி வைக்கலாம் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதே ஹோஸ் ஒரு கையில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாச் செடியும் யாருக்கு எது என்று பங்கு பிரித்து முடித்துவிட்டாராம். பிறகு, ஏதோ பாத்திரக்காரனுக்குக் கடன் பாக்கி இருப்பதுபோல், "அந்தப் பட்டர்கப் ஒண்ணுதானுங் தம்பி என்ர கைக்கு அடங்கவே இல்ல" என்றார்.

கல்யாணமான புதிதில் குன்னூரில் ஒரு தோட்டத்தில் அந்தப் பூவைப் பார்த்திருக்கிறார். மஞ்சள் நிறம். வெண்ணெயை நகத்தால் சுரண்டிச் சுரண்டி அடுக்கியதுபோல் இதழ்மேல் இதழ் இருந்ததாம். வருஷா வருஷம் மலைக்குப் போகிறவர்களிடம் சொல்லி அதன் கிழங்கை வரவழைத்து நடுவார். முளைக்கும், கொத்தமல்லிபோல் இலை விடும், ஒருநாள் கழுத்து மடங்கிச் சாய்ந்துவிடும். நெய்வேலி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

நான் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கால் ஓரிடத்தில் நிற்காத ஆள் நான். ஷிப்ட் முடிந்தும் வட்டம் வட்டமாக நடப்பவன். அன்றைய நடையில் முடிவு செய்தேன். இந்தத் தடவை போகிறவருக்கு இருக்கிறவன் கொடுப்பான். பூத்த பட்டர்கப். லாரி கிளம்புமுன். அவ்வளவுதான்.

குள்ளஞ்சாவடியில் ஒரு நர்சரி. பட்டர்கப் என்றதும் அந்த ஆள் உற்சாகமாக ஒரு புதர்ச்செடியைக் காட்டினார். ரோட்டோரமெல்லாம் நிற்பது, காலையில் மஞ்சளாக விரிந்து மத்தியானத்துக்குள் வாடிவிடுவது. இதையும் அந்தப் பேரில்தான் விற்கிறோம், சாகவே சாகாது சார், இதையே கொண்டுபோங்கள் என்றார். சாகவே சாகாத செடியை அக்காவுக்குக் கொடுத்து என்ன ஆகப்போகிறது. செல்போனில் தேடி, மலைப்பக்கத்துக் கடை ஒன்றில் கிழங்குக்குச் சொன்னேன்.

பார்சல் வந்தது. பிரித்த என் மனைவி முகத்தைச் சுளித்தாள். சுருங்கிய கோழிக்கால்கள்போல், நகமும் விரலுமாக, பழுப்பாக. "இன்னாங்க இது, கருவாடா? காசு குடுத்துக் குப்பையை வாங்கிக்கினு வந்திருக்கீங்க."

வெள்ளைத் துண்டில் பரப்பிப் பொறுக்கினேன். விரல் முறிந்தவை, கொண்டையில் பஞ்சு இல்லாதவை, அழுத்தினால் பொடிகிறவை எல்லாம் தள்ளுபடி. கெட்டியாக, அளவுக்கு மீறிக் காய்ந்து, உயிர் இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி இருந்தவை மிஞ்சின. எது என்ன நிறம் என்று தெரியாது; பாக்கெட்டில் எல்லா நிறமும் கலந்தே இருக்கும். மஞ்சள்தான் வேண்டும் என்று கிழங்கிடம் கேட்க முடியாது. நம்பி நட வேண்டியதுதான்.

அதில் பாதியை எடுத்து முதல் தப்பைச் செய்தேன். விதை என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது விதை நெல். ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் வடித்து, சாக்கில் கட்டி மேலே கல்லை ஏற்றி மூட்டம் போடுவது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகச் செய்தது. சாக்கைப் பிரித்தபோது வந்த நாற்றத்தில் என் மனைவி பின்கட்டுக் கதவைச் சாத்தினாள். கிழங்கெல்லாம் கூழ். கருவாடே பரவாயில்லை என்றாள்.

மீதிப் பாதியைத் தொடாமல் நிதானமாக யோசித்தேன். காலைச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீரில் போட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிட்டேன். சுருங்கிய விரல்கள் அதற்குள்ளேயே புடைத்திருந்தன. ஈரமணலில் புதைத்து, டப்பாவில் மூடி, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தேன். குளிர்நாட்டுப் பூவுக்கு ஒரு பொய்க் குளிர்காலம். கொத்தமல்லிக்கு இடமில்லை என்று வீட்டில் தினமும் ஒரு பாட்டு. தீபாவளி நெருங்கும்போது டப்பாவைத் திறந்தால் மணலுக்குள் வெள்ளை நூல்கள். எங்கள் செம்மண்ணில் சரிபாதி மணல் கலந்து, நகம் கீழே பார்க்க, ஆறு தொட்டியில் வைத்தேன். காலை வெயில் படுவது வேலியோரம் மட்டும்தான். அங்கே வரிசையாக அடுக்கினேன்.

முளைத்து வந்த பிறகு ஒருநாள் அக்கா எட்டிப் பார்த்தார். இலையைப் பார்த்ததும் பட்டர்கப் என்று தெரிந்துவிட்டது. யாருக்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வாய்க்கு வந்தபடி கேலிதான். இந்தாளு தோல்வியையும் என்னோட பங்கு போட்டுக்கப் பாக்குறாருங், என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். பேசாம கத்திரி வையுங் தம்பி, கூட்டுக்காவது ஆகும்.

ஐப்பசி மழை கொட்டியது. மழை வரும்போதெல்லாம் ஆறு தொட்டியையும் உள்ளே தூக்கி, விட்டதும் வெளியே வைத்தேன். ஷிப்டில் இருக்கும்போது வானம் கறுத்தால் வீட்டுக்குப் போன் அடிப்பேன். உங்க புள்ளைங்களைத் தூக்கி வச்சாச்சு என்று பதில் வரும். மழை ஓய்ந்தது. கார்த்திகை பிற்பகுதியில் நல்ல வெயில். அப்போதுதான் செடிகள் மஞ்சளிக்க ஆரம்பித்தன. ஒன்று கழுத்து மடங்கியது, பிறகு இன்னொன்று. விரலை மண்ணில் விட்டுப் பார்த்தேன், சொதசொதவென்றிருந்தது. மழையும் இல்லை, நானும் ஊற்றவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது. தொழிலே இதுவாக இருக்கிறவன், மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

ஒருநாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு காலையிலேயே வீட்டுக்கு வந்தேன். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் திரும்பினால், வேலிக்கு மேலாக அந்த ஹோஸ். நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, மழைபோல் விசிறிவிட்டு, ஒவ்வொரு தொட்டியிடமும் அக்கா பேசிக்கொண்டிருந்தார். வெச்சவன் வேலைக்குப் போயிட்டான், உங்களை வெயில்ல காயப்போட்டுட்டு, குடி சாமி, நல்லாக் குடி.

நான் சுவரோடு நின்றுவிட்டேன். அத்தனை வருஷமும் அந்தச் செடி ஏன் சாய்ந்தது என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வெயில் ஒரு பாவமும் செய்யவில்லை. சொல்லலாம். நாலு வார்த்தை போதும். ஆனால் ஊரைவிட்டுப் போகப்போகிறவரிடம், தண்ணீரில்லாத மண்ணிலிருந்து வந்து கை நிறைய அள்ளிக் கொடுத்தவரிடம், நீங்கள் ஊற்றியதால்தான் செத்தது என்று எந்த வாயால் சொல்வது. தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து, சாப்பிட்டாச்சா அக்கா என்றேன்.

பிழைத்திருந்தவை மூன்று. அன்று மாலையே ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அவற்றை நிறுத்தி, பம்ப் ஹவுஸுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி வாசல்வரை வந்து பார்த்தாள். கால்ல சக்கரம் கட்டிக்கினு திரியிற ஆளு, இப்ப செடிக்கும் சக்கரம் கட்டியாச்சா என்றாள். அக்கா கேட்டால் என்ன சொல்லட்டும் என்றாள். ஷிப்டுக்குப் போயிருக்குன்னு சொல்லு என்றேன்.

கொட்டகையின் கிழக்கு ஜன்னல் திட்டில் வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், ஆளை இழுத்துப்போகிற வேகத்தில் இறைத்த தண்ணீர் ஓடும் வாய்க்கால். உள்ளே மோட்டாரின் அதிர்வில் இலைகள் ஓயாமல் நடுங்கின. இந்த ஊரிலேயே தண்ணீர் அதிகமுள்ள இடத்தில், தண்ணீர் படக்கூடாத செடி. மற்ற ஷிப்டுக்காரர்கள் இரக்கப்பட்டு ஊற்றிவிடக்கூடாதே என்று சுவரில் சாக்பீசால் பெரிதாக எழுதினேன்: தண்ணீர் ஊற்றாதே. மறுநாள் என்னை மாற்றிவிட வந்த கூட்டாளி அதைப் படித்துவிட்டு மோட்டாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க வந்து இதை எழுதின ஒரே ஆளு நீதான்யா" என்றார். ஆனால் ஊற்றவில்லை. யாருமே ஊற்றவில்லை. ஷிப்ட் மாறும்போது மோட்டாரின் ஆம்பியர் சொல்வதோடு செடியின் சேதியும் சேர்த்துச் சொல்லிப் போனார்கள்.

சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அந்த மார்கழியில்தான் தெரிந்தது. எனக்கு எதையாவது செய்ய வேண்டும். கையெட்டும் தூரத்தில் தண்ணீர் ஓடுகிறது, தொட்டியின் மண் மேலே வெளுக்கிறது. விரலை விடுவேன். உள்ளே லேசாக ஈரம் இருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி நடப்பேன். விரல் முழுக்கக் காய்ந்து வெளியே வந்தால் மட்டும் ஒரு டீ கிளாஸ் தண்ணீர், ஓரமாக. பனி விழுகிற காலைகளில் இலை விறைப்பாக நிற்கும், மத்தியானத்தில் தொங்கும். தொங்குவதைப் பார்த்துக்கொண்டு ஊற்றாமல் நிற்க வேண்டும். நின்றேன். ஒரு செடியை எலி கடித்தது. இன்னொன்று எந்தக் காரணமும் சொல்லாமல் போனது. ஒன்று மிஞ்சியது.

பொங்கல் கழிந்து, அந்த ஒன்றின் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு மொட்டு. பச்சை. நாள் போகப்போகக் காம்பு நீண்டது, மொட்டு பச்சையாகவே இருந்தது. அக்கா வீட்டில் பீரோவைக் கழற்றும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. ரிடையர்மெண்ட் அன்று அக்காவின் வீட்டுக்காரர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்தார், தெருவே போய் டீ குடித்தோம். லாரி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை மொட்டு இன்னும் கையை மூடியே வைத்திருந்தது. என்ன ஆனாலும் இதுதான் என்று தொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிறு காலையில் குழாய் இருமியது. எழுந்து போய்ப் பார்த்தேன். மொட்டின் நெற்றியில் ஒரு கீறல். அதற்குள்ளிருந்து நூல் கனத்துக்கு மஞ்சள்.

பூ இல்லை. நான் நினைத்தது இது இல்லை. ஆனால் மஞ்சள்.

லாரியில் சாமான் ஏறிவிட்டது. சாரும் அக்காவும் போக ஒரு கார் நின்றது. அக்கா வீடுவீடாகச் செடி கொடுத்து வந்தார். எதிர்வீட்டுக்குச் செம்பருத்தி, கடைசி வீட்டுக்குக் கொடிமுல்லை. என் வாசலுக்கு வந்தபோது கையில் செடி இல்லை. தோளில் அந்த ஹோஸை வளையமாகச் சுருட்டி மாட்டியிருந்தார். என்ர செடியெல்லாம் ஏற்கெனவே உங்க வேலிக்கு இந்தப் பக்கம் வந்தாச்சு, உங்களுக்குக் கொடுக்க இதுதான் பாக்கி என்று என் தோளுக்கு மாற்றினார். ஒன்பதாவது மாடியில் இதை எங்கே விரிப்பது என்று சிரித்தார்.

நான் உள்ளே போய்த் தொட்டியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். இருக்கிறவன் போகிறவருக்குக் கொடுப்பது. அவர் முதலில் இலையைப் பார்த்தார். பிறகு மொட்டை. குனிந்து அந்தக் கீறலுக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோனார். வெகுநேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், தோள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தது. மூடியைத் திருகிவிட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை அவர் கையைத் தொட்டதில்லை. "வேண்டாங்கா."

அக்கா பாட்டிலைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். வேலியோரம் காலியாகக் கிடந்த மூன்று தொட்டிகளைப் பார்த்தார். அப்புறம் என் தோளில் இருந்த ஹோஸை. மூடியை மெதுவாகத் திருகி மூடினார்.

"அப்ப வெயிலில்லீங்களா தம்பி?"

என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். கேலி வரும் என்று நினைத்தேன். அவள் அக்காவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, பார்த்துப் போங்கக்கா என்று மட்டும் சொன்னாள். சார் காருக்குள்ளிருந்து நேரமாச்சு என்றார். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து தொட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணாடி இறங்கியது. ஜன்னலில் குனிந்து, சொல்ல நினைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, செய்முறை சொன்னேன்.

"வெரலை உட்டுப் பாருங்கக்கா. முழுசாக் காஞ்சா மட்டும் ஒரு டீ கிளாஸ்."

"ஊத்த மாட்டனுங் தம்பி. தொங்குனாலும் பாத்துட்டு நிக்கறன்." கார் நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார். "மத்ததுக்கெல்லாம் ஊத்துங். அதுகளுக்கு ஊத்தோணும்."